நாற்பது மதிப்பெண் சாவு

"பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டோம் சார். அவ்ளோதான்" என்றாள் ஜெசிந்தா.

மேசைமேல் மெய்யறி இருந்தது. இட்லிப் பானை அளவில், வெள்ளை நிறத்தில், நெற்றியில் ஒரே ஒரு விளக்கு வைத்த இயந்திரம் அது. விளக்கு இன்னும் மஞ்சளாகத்தான் எரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த விசாரணை அலுவலர் வெள்ளியங்கிரி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பனிக்காடு என்னும் மலைநகரத்தின் குடியேற்ற வாரியத்தில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் அவருக்கு. மெய்யறிக்கு இவள் சொல்வது போதாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்கு முன்னால என்னாச்சுங்க அம்மிணி? கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்கோ."

"முன்னாலயா? ராயபுரத்துல எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு. மழைத்தண்ணின்னு நெனச்சோம். போவவே இல்ல. அப்புறம்தான் அது கடலுன்னு தெரிஞ்சுது. கீழ் வூட்லேர்ந்து மாடிக்குப் போனோம். அங்கயும் வந்துச்சு, மொட்டை மாடிக்குப் போனோம். மூணு வருசம். அப்புறம் கவருமெண்ட்ல பஸ் வுட்டாங்க. எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் ஜன்னல் சீட்டு கெடச்சுது. திண்டிவனத்துல நிறுத்தி புளிசாதம் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு சார்."

"வழியில ஆராச்சும் அடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"எதையாச்சும் பறி குடுத்தீங்களா?"

ஜெசிந்தா நேர்மையாக யோசித்தாள். "ஒரு செருப்பு. ஆனா அது முன்னாடியே பிஞ்சுதான் இருந்துச்சு."

விளக்கு சிவப்பானது. மெய்யறி செய்தி வாசிப்பவரின் குரலில் பேசியது: "நம்பகத்தன்மை, நூற்றுக்குப் பதினொன்று. இழப்பு போதாது. பயணத்தில் ஆபத்து இல்லை. நெருக்கடியின் உச்சத்தில் முக்கியக் கதாபாத்திரம் புளிசாதம் சாப்பிடுகிறார். அதைப் பாராட்டவும் செய்கிறார்."

"ஏன் சார், பசிச்சா துன்னக் கூடாதா?"

"எனக்குப் புரியுதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "அதுக்குப் புரியலீங்களே."

மெய்யறியைக் கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கடல் மேலேறி, சமவெளி வெயிலில் மனிதர் வாழ முடியாமல் போனபிறகு, மலைக்கு வர லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். முதலில் அதிகாரிகளே முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். கறுத்த முகத்துக்கு ஒரு நீதி, சிவந்த முகத்துக்கு ஒரு நீதி. பேச்சைக் கேட்டு ஊரையும், ஊரைக் கேட்டுத் தெருவையும், தெருவைக் கேட்டுச் சாதியையும் கண்டுபிடித்தார்கள். மலையே நாறியது. பாரபட்சம் இல்லாத ஓர் இயந்திரம் வேண்டும் என்று போராட்டம் நடந்தது. ஆனால் சான்றுகளை வைத்திருந்த அலுவலகங்களெல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தன. அகதி சொல்வது உண்மையா என்று இயந்திரம் எதை வைத்துத் தெரிந்துகொள்ளும்? யாரோ ஒரு பேராசிரியர் சொன்னார்: அகதிகளின் மனத்தை நாவலாசிரியர்களைவிட ஆழமாகப் பார்த்தவர் யார்? எல்லோரும் கைதட்டினார்கள். உலக மொழிகளில் புலம்பெயர்வைப் பற்றி வந்த நாற்பதாயிரம் நாவல்களை மெய்யறிக்குப் புகட்டினார்கள். யாருடைய கதை அவற்றோடு பொருந்துகிறதோ அவர் உண்மையான அகதி.

நாற்பதாயிரம் நாவல்களிலும் ஜன்னலோர இருக்கை கிடைத்த அகதி ஒருவர்கூட இல்லை.

அடிவார முகாமில் தகரக் கூரைக்கடியில் ஜெசிந்தாவின் கணவன் சவேரி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். அன்றைக்கு ஐம்பத்தோரு டிகிரி. ராயபுரத்தில் ஐஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். வெயில் அவன் உடம்புக்கு ஆகாது. அந்த மாதத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தான். மூன்றாவது முறை விழுந்தால் என்னால் எழுப்ப முடியாது என்று முகாம் மருத்துவர் ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"எவ்ளோ போட்டுச்சு?" என்று கேட்டான் சவேரி.

"பதினொண்ணு."

"பரவால்லயே! நான் கணக்குல ஒம்போதுதான் வாங்குவேன்."

அவள் சிரிக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. மறுநாள் காலையில் அவனையும் அழைத்துக்கொண்டு அம்பலவாணனின் கொட்டகைக்குப் போனாள்.

நாகப்பட்டினத்துக்காரரான அம்பலவாணன் ஒருகாலத்தில் பேர்பெற்ற நாவலாசிரியர். கடல் தன் ஊரைக் கொண்டுபோனதையும், தன் குடும்பம் கட்டுமரத்தில் தப்பியதையும் அப்படியே நாவலாக எழுதியவர். பிறகு முகாமுக்கு வந்து அதே கதையை மெய்யறியிடம் சொன்னார். அந்த நாவலும் மெய்யறிக்குள் இருந்தது. 'ஏற்கெனவே வெளிவந்த நாவலோடு தொண்ணூற்றெட்டு விழுக்காடு பொருந்துகிறது. திருடப்பட்ட கதை' என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. மேல்முறையீட்டில் நான்தான் அந்த ஆசிரியர் என்று அவர் கத்தினார். ஆள்மாறாட்டம் என்று அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் மற்றவர்களுக்குக் கதை எழுதிக் கொடுக்கிறார். அவர் எழுதிய ஒன்றுகூடத் தோற்றதில்லை.

ஜெசிந்தா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாழ்க்கையில விறுவிறுப்பே இல்ல. யாராவது செத்தாத்தான் உண்டு."

"யாரு சாவுறது?"

"கொழுந்தனார் இருந்தா பன்னெண்டு மதிப்பெண் தேறும். மாமியார்னா சில சமயம் கழிச்சிடும். புருஷன்னா நாப்பது."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் ஜெசிந்தா.

"இரு இரு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் சவேரி. "நாப்பதா? சார், என்னைக் கொன்னுடுங்க. எப்படி சாவுறேன்? கடல்லயா?"

"யோவ், வாய மூடுய்யா."

"கேக்கறதுல இன்னா தப்பு? சாவப்போறவன் நானு."

"கடல்தான் பொருத்தமா இருக்கும்" என்றார் அம்பலவாணன், அளவெடுக்கும் தையல்காரர் போல அவனைப் பார்த்தபடி. "படகு கவிழுது. பலகையில ஒருத்தருக்குத்தான் இடம். நீங்க கையை விட்டுர்றீங்க."

"ஐயோ, சூப்பர் சார்! ஆனா எனக்கு நீச்சல் தெரியுமே. ராயபுரத்துல பொறந்தவன் முழுவுவானா?"

"கால்ல அடி."

"ஆங், அப்ப சரி."

புருஷனோடு பஸ்ஸில் வந்ததாக முதலில் சொன்னதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதிர்ச்சியில் சாவை மறைக்கும் அகதி எல்லா நாவல்களிலும் உண்டு, மெய்யறி ஒத்துக்கொள்ளும் என்றார் அவர். இவன் செத்துவிட்டால் பிறகு எப்படி மேலே வருவான் என்று ஜெசிந்தா கேட்டாள். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. சவேரி, ஞானப்பிரகாசம் என்ற வேறு பெயரில், மனைவியைப் பறிகொடுத்தவனாக விண்ணப்பிப்பான். ஆவணங்கள் தண்ணீரில் போய்விட்டதால் பெயரைச் சரிபார்க்க ஒருவராலும் முடியாது. மேலே போனபிறகு, துணையை இழந்த இருவர் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்?

"அப்ப என் கதையில இவளா சாவுறா?" என்றான் சவேரி. சிரிப்பு நின்றுவிட்டது. "அது மட்டும் வேற மாதிரி எழுத முடியாதா சார்?"

"உன்ன மட்டும் கொல்லலாமா?" என்று ஜெசிந்தா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இருபத்தைந்து நாள் அவள் மனப்பாடம் செய்தாள். மேல்முறையீட்டு நாளன்று காலையில், தண்ணீர் வரிசையில் நின்ற சவேரி குடத்தோடு சரிந்தான். மருத்துவர் ஓடி வந்தார். அவன் கண் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. திறந்ததும் மெல்லிய குரலில், "ஒத்திகை பாத்தேன்டி. போ, நேரமாச்சு" என்றான்.

விசாரணை அறையில் படகு வரைக்கும் அவள் ஒப்பித்தாள். பலகை வந்தது. 'அவர் என் கையை விட்டார்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அம்பலவாணன் எழுதிக் கொடுத்த அலைகளும் இருட்டும் நட்சத்திரங்களும் அவளுக்கு மறந்துபோயின. குடத்தோடு கிடந்த சவேரிதான் கண்ணுக்குள் இருந்தான்.

"தண்ணி புடிக்கப் போனாரு சார்" என்றாள். "போவும்போதுகூட கிண்டல் பண்ணிட்டுதான் போனாரு. அந்த ஆளு இல்லாம நான் எப்படி சார் இருப்பேன்?"

மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். மூக்கு ஒழுகியது, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். வெள்ளியங்கிரி கண்ணாடியைக் கழற்றினார்.

விளக்கு பச்சையானது. "தொண்ணூற்றொன்று" என்றது மெய்யறி. "கடலில் தண்ணீர் பிடிக்கப் போனதாகச் சொல்வது குழப்பம். ஆனால் ஆழமான குறியீடு."

பனிக்காட்டில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். குளிர் இருந்தது, தண்ணீர் இருந்தது, மக்களும் அன்பாகத்தான் இருந்தார்கள். வாரியத்தின் செய்தி மடலில் அவள் கதை வெளிவந்திருந்ததால், முதல் வாரம் தெருவே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. எட்டுப் போர்வைகள் சேர்ந்தன.

இரண்டாவது வாரம் அவள் மீன் வறுத்தாள்.

"ஏனுங்க, புருசன் தண்ணியில போயி இன்னும் மூணு மாசம் ஆகலை. மீனு எப்படிங்க எறங்குது?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டாள். கடைக்காரரிடம் ஜெசிந்தா ஒரு நாள் எதற்கோ உரக்கச் சிரித்தாள். மறுநாள் வாரியத்துக்கு ஒரு புகார் போயிற்று: 'மேற்படி பெண்மணி கதையில் வருவதுபோல் இல்லை.' குளிர்பதனப் பெட்டியையும் குளிரூட்டியையும் பிரித்துப் பூட்டுவதில் அவள் கெட்டிக்காரி. மலையும் வருடத்துக்கு வருடம் சூடாகிக்கொண்டிருந்ததால் அங்கே அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனால் அவளைக் கூப்பிட்ட வீடுகளில்கூட, ஸ்க்ரூ டிரைவரோடு வாசலில் நின்றவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடங்களில் தன் சோகத்தைச் சொல்வது. நாவலில் வரும் அகதியை மலைக்காரர்கள் மனதார நேசித்தார்கள். அடுத்த வீட்டில் மீன் வறுக்கும் அகதியைத்தான் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைச் சோகம் முடிந்து வெளியே வந்தபோது, வாரியத்தின் வாகனத்திலிருந்து சவேரி இறங்கினான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வணக்கம்மா. என் பேரு ஞானப்பிரகாசம்."

"வணக்கங்க" என்றாள் அவள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

கூடவே இறங்கிய வெள்ளியங்கிரி அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "பாவங்க இவரு. சம்சாரத்தைப் பறி குடுத்தவரு. அந்தம்மா தெனமும் என்ன சொல்லித் திட்டும்னு சொல்லிக்கிட்டே அழுதாரு பாருங்கோ, தொண்ணூத்தி மூணு!"

"என்ன சொல்லித் திட்டுமாம்?"

"அதெல்லாம் உங்ககிட்ட சொல்ல முடியாதுங்க. மோசமான வார்த்தை."

இருவரும் பரிதாபத்துக்குரியவர்கள், ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்தக் கல்யாணத்தை ஏற்பாடு செய்ததும் வெள்ளியங்கிரிதான். ஜெசிந்தா இரண்டு முறை மறுத்துவிட்டு, மூன்றாம் முறை தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணத்தில் அவர் மேடையேறி, மெய்யறி மட்டும் இல்லாவிட்டால் இப்படி இரண்டு உண்மையான மனிதர்கள் நமக்குக் கிடைத்திருப்பார்களா என்று கேட்டார். சவேரி குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நெடுநேரம் குலுங்கினான். அழுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவது மழையில் மலை பிளந்தது.

ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. பனிக்காடு முழுவதும் வரிசையாக வண்டிகளில் இறங்கி அதே அடிவார முகாமுக்கு வந்து சேர்ந்தது. முகாமில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மலைக்காரர்களுக்கு இனி போக்கிடம் வடமேட்டு நிலம் ஒன்றுதான். அங்கிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து மேசை போட்டு, பனிக்காட்டு வாரியத்திடமிருந்தே வாங்கிய ஒரு மெய்யறியை அதன்மேல் வைத்தாள்.

வெள்ளியங்கிரி முதல் ஆளாகப் போனார். தலை நிமிர்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். சங்கு ஊதியது, அலுவலக ஜீப்பில் ஏறினோம், மனைவி, மூன்று பெட்டி, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஆறு ஜாடி ஊறுகாய். வழியில் இரண்டு முறை டீ.

"ஏழு" என்றது மெய்யறி.

அன்று மாலை அவர் மனைவி சரஸ்வதியோடு ஜெசிந்தாவின் கொட்டகைக்கு வந்தார். சட்டை முழுவதும் வியர்வை. ஒரு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"அம்மிணி, நீங்க தொண்ணூத்தொண்ணு வாங்குனவங்க. எப்படிச் சொல்லோணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்கோ. நான் நெசத்தைத்தானுங்க சொன்னேன்."

ஜெசிந்தா சவேரியைப் பார்த்தாள். சவேரி தலையாட்டினான்.

"சார், இவருதான் சவேரி" என்றாள்.

"எந்தச் சவேரி?"

"கடல்ல செத்தவரு."

வெள்ளியங்கிரி கொஞ்ச நேரம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் சிவந்தது. "அப்ப நான் அளுதது?" என்றார்.

"அது நெசம் சார். நான் அழுததும் நெசம்தான். அன்னிக்குக் காலைலதான் இந்த ஆளு குடத்தோட வுழுந்து கெடந்தாரு. ஆனா குடத்தோட வுழுந்தா உங்க மிசினு ஒத்துக்காதே சார்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெய்யறி வந்த நாளிலிருந்து சிவப்பு விளக்கோடு தன் அறையிலிருந்து இறங்கிப்போனவர்களின் முகங்கள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒருத்தர், இரண்டு பேர் இல்லை. கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "ஆரு சாவோணும்?" என்று கேட்டார்.

"நாந்தான், வேற ஆரு?" என்றாள் சரஸ்வதி. "சோத்துக்குச் செத்தேன், துணிக்குச் செத்தேன், இதுக்கும் நானே சாவறேன்."

அம்பலவாணன் கதை எழுதினார். பாறை உருண்டு வந்தது. சரஸ்வதி கணவனைத் தள்ளிவிட்டுத் தான் அடியில் மாட்டிக்கொண்டாள். நல்ல கதை. மேல்முறையீட்டு நாளில் சரஸ்வதி அறைக்கு வெளியே பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் ஜெசிந்தா உட்கார்ந்தாள். மெல்லிய தட்டி வழியாக உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

வெள்ளியங்கிரி பாறை வரைக்கும் பிசகில்லாமல் வந்தார். "என்ற சம்சாரம் செத்துப் போச்சுங்க" என்றார். அத்தோடு நின்றுவிட்டார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இல்லீங்க. பொய்யிங்க. அவ சாகலை. இந்தா, இந்தத் தட்டிக்கு அந்தால பெஞ்சுல உக்காந்திருக்கா. முப்பது வருசமா என்ற கூட இருக்கறவளை என்ற வாயாலயே செத்துட்டான்னு சொல்ல முடியலீங்க. நீங்க பாசு பண்ணலீன்னாப் போகுது. அவ உசுரோடதான் இருக்கா!"

பெஞ்சில் சரஸ்வதி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"தொண்ணூற்றெட்டு" என்றது மெய்யறி. அதன் வரலாற்றில் அதுதான் உச்ச மதிப்பெண். "மனைவியின் மரணத்தை ஏற்க முடியாத கணவர். இறந்தவர் வெளியே காத்திருப்பதாக நம்புகிறார். மிகவும் உண்மையானது."

"ஐயோ, அது நம்பிக்கை இல்லீங்க! வந்து பாருங்கோ!"

"தெரியும் சார்" என்று இளம் அதிகாரி மூக்கை உறிஞ்சியபடி சொல்வது கேட்டது. "அவங்க எப்பவும் உங்க கூடவேதான் இருப்பாங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

கொஞ்ச நேரத்தில் வெள்ளியங்கிரி அனுமதிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாதவர் போல நின்றார்.

"ஏனுங்க, அப்ப நானு?" என்றாள் சரஸ்வதி.

அவர் அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜெசிந்தா எழுந்து சரஸ்வதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, அம்பலவாணன் சார்கிட்ட போவலாம். மொதல்ல உங்களுக்கு ஒரு நல்ல பேரா பாக்கணும்."